ஒற்றைச் செருப்புகளோடு பேரணாம்பட்டுக்கு

திங்கள், காலை 6.40

திருவாரூரில் ஏறும்போதும் தூறல், காட்பாடியில் இறங்கும்போதும் தூறல். ரயில் ஒன்றே கால் மணி நேரம் தாமதம். எதிர் பெர்த்தில் வந்த பெரியவர், நான் வெள்ள நிவாரண வேலைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களை யாரும்மா காப்பாத்தறது?" என்று கேட்டார். அறுபத்தொரு வயதில், இரண்டு முழங்காலிலும் பட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவளைப் பார்த்து அப்படிக் கேட்கத் தோன்றுவது நியாயம்தான். முப்பத்து நான்கு வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள் நான். அதில் பாதிக் காலம் புண் கட்டும் அறையில் கழிந்தது. வேண்டாத கேள்விகளுக்குச் சிரித்து வைக்க அங்கேயே பழகிக்கொண்டேன்.

என்னைக் கூப்பிட்டவள் ஜெசிந்தா. தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு படிக்கும்போது என் அறைத்தோழி. கல்யாணமாகி ஆம்பூருக்குப் போனவள், அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள். ஆந்திர மலைகளில் பெய்த மழை மலட்டாற்றில் இறங்கி, பேரணாம்பட்டுப் பக்கம் ஆற்றோரத் தெருக்களுக்குள் புகுந்திருந்தது. போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "புண்ணு பாக்க ஆள் இல்ல மங்கை. வர்றப்ப வேலூர்ல கட்டுத்துணி வாங்கிக்கிட்டு வா." என் பெயர் மங்கையர்க்கரசி. முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் என் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்.

காலை 8.15

காட்பாடியிலிருந்து வேலூருக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஆறு பேர் ஏறும் வண்டியில் ஒன்பது பேர், கூடவே என் பை. ஆஸ்பத்திரித் தெருவிலிருந்த மொத்த மருந்துக் கடை திறக்கும் வரை காத்திருந்து பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, சர்க்கரை பார்க்கும் பட்டை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கினேன். வெள்ளத்துக்கு என்று தெரிந்ததும் கடைக்காரர் இரண்டு சுருள் பிளாஸ்திரியை விலை சொல்லாமல் உள்ளே வைத்தார். புதிய பேருந்து நிலையத்தில் ஆம்பூர் வண்டி. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். பெட்டிக்குத் தனி டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் நான் வாதாடி ஜெயித்தேன். பள்ளிகொண்டாவுக்கு அப்புறம் பாலாறு தெரிந்தது. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வண்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

காலை 11

ஆம்பூரில் இறங்கினால் முதலில் வருவது வாசனை. தோல் பதனிடும் இடத்தின் வாடையும் பிரியாணிக் கடையின் வாசனையும் ஒரே காற்றில் வரும். அரை மணி நேரத்தில் மூக்கு இரண்டையும் பிரித்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது.

ஜெசிந்தா போகும் மாதாகோயிலின் கூடத்தில்தான் நிவாரணப் பைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மத நல்லிணக்கம் என்று யாராவது மைக் பிடித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். கூட்டம் கூட்டமாகக் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், மறுநாள் குப்பையை அள்ள யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நினைப்போடுதான் உள்ளே போனேன். அங்கே மைக்கும் இல்லை, பேச்சும் இல்லை. எட்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு, ஒரு மேஜையில் அரிசி, அடுத்ததில் பருப்பு, அடுத்ததில் சோப்பு என்று பையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புர்கா போட்ட பெண் பருப்பு வைத்தால், சிலுவைச் சங்கிலி போட்ட பெண் எண்ணெய் வைத்தாள். கடைசி மேஜையில் கமலா நின்றாள்.

கமலாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவளுக்கு வேலை என்றால் லைன்தான். மணிக்கு அறுபது பை டார்கெட் வைத்திருந்தாள். நான் ஜெசிந்தாவைக் கட்டிப்பிடித்து முடிப்பதற்குள் என்னை ஆறாவது மேஜையில் ஹெல்பராக நிறுத்திவிட்டாள். நான் கட்டிய முதல் நான்கு பைகளையும் ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்பினாள். முடிச்சு லூசாம். எத்தனை ஆயிரம் கட்டுப் போட்ட கை இது என்று சொல்ல வாய் வந்தது. ஜெசிந்தா கண்ணைக் காட்டினாள், அடங்கினேன்.

சாமான் ஏற்றிப் போகும் மினி லாரி கமலாவின் கணவர் ஏழுமலையுடையது. கார்த்திகை மாதம், மாலை போட்டிருந்தார். கமலா உட்பட எல்லாரும் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்கள். சாமிக்காக அந்தக் கூடத்தில் யாரும் கறி சாப்பிடுவதில்லை. யாரும் தீர்மானம் போடவில்லை, அப்படி ஆகிவிட்டது. மத்தியானம் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த நயீம் பாய், தட்டில் விழுந்த எண்ணெய்க் கத்திரிக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பிரியாணிக்குத் தொட்டுக்கத்தான் சிஸ்டர் இது. பத்து நாளா தொட்டுக்கறத மட்டும் துன்னுக்கினு இருக்கோம்."

நயீம் பாய் இன்னொரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் மாஸ்டர். ஆயிரக்கணக்கில் தைக்கப்போகும் செருப்பை முதலில் ஒருமுறை கையால் செய்து வெளிநாட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும். அதைச் செய்கிறவர் அவர். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் பென்சில். ஆளைப் பார்க்கும் முன்னால் காலைப் பார்ப்பார். என்னைப் பார்த்ததும் "முப்பத்தாறு, கொஞ்சம் அகலம்" என்றார். பெயரை அப்புறம்தான் கேட்டார். சேற்றில் வெறுங்காலோடு நடக்கும் பெண்களுக்காகக் கம்பெனியில் பேசி, மூடின ஷூ அறுபது பெட்டி வாங்கி வந்திருந்தார். பழைய சாம்பிள்கள். ஒட்டியிருந்த பெட்டிகளைப் பிரிக்காமலே வண்டியில் அடுக்கினோம்.

செவ்வாய், காலை 7.30

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு இருபது கிலோமீட்டர் சொச்சம். நானும் ஜெசிந்தாவும் முன்னால் சாமியோடு. பின்னால் மூட்டைகள் மேல் கமலாவும் பாயும் இன்னும் நான்கு பேரும். வழியில் இரண்டு தரைப்பாலங்களில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சாமி ஒவ்வொரு தடவையும் இறங்கி, ஒரு கொம்பை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, சரணம் சொல்லி ஏறினார். பின்னாலிருந்து பாய் பிஸ்மில்லா சொன்னார். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குப் பயத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை.

ஊருக்குள் போகும் முன்பே பேரணாம்பட்டை அடுத்த அந்த ஆற்றோரத் தெருவுக்குத் திரும்பினோம். நாற்பது வீடுகள் இருக்கும். கைலி நெய்கிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் கலந்து இருக்கும் தெரு. இடுப்பளவு வரை சுவரில் தண்ணீர்க் கோடு. பீடி இலை ஊறி அழுகிய நாற்றம். நெசவு வீடுகளில் தறிக்குக் கீழே கால் தொங்கவிட்டு உட்காரும் குழி இருக்கும். அத்தனை குழியும் சேறு.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு போட்டு என் கடையை விரித்தேன். சேற்றுப் புண், இரும்பு கிழித்த காயம், காய்ச்சல். பதினோரு மணிக்குத் தனம் வந்தாள். ஐம்பது வயது. கைலி நெய்கிறவள், தனியாள். மகளைக் கட்டிக்கொடுத்தது ஓசூரில், கைக்குழந்தைக்காரி. இடது காலைச் சுற்றிப் பழைய துணி கட்டியிருந்தாள். "வலி ஒண்ணும் இல்ல சிஸ்டர், நாத்தம்தான் வருது" என்றாள். வலி இல்லை என்றால் உணர்ச்சி செத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே கையுறையை மாட்டினேன். துணியைப் பிரித்தேன். சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. அடியில் ஆணி குத்தின ஓட்டை. சர்க்கரை முந்நூற்று நாற்பது. நான்கு நாளாக அந்தக் காலோடு தறிக்குழியில் இறங்கிச் சேறு அள்ளியிருக்கிறாள். குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை.

அன்றைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கால் போய்விடும், அதற்கப்புறம் உயிரும் நிச்சயமில்லை. எனக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது. அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. "மருந்து போட்டு ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னேன். ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷம் முன்பு அவள் கணவருக்கும் இதே சர்க்கரைப் புண்தான் என்றும், போன இடத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றும், நான்கு மாதத்தில் அவர் போய்விட்டார் என்றும் சொன்னாள். அப்புறம், தறியில் காலால் அழுத்தும் மிதிக்கட்டை இரண்டு, இடதுகாலுக்கு ஒன்று வலதுகாலுக்கு ஒன்று என்று எனக்கு விளக்கினாள். கடைசியில் எப்படியோ தலையாட்டினாள். இரண்டு மணிக்கு எங்கள் வண்டியிலேயே வருவதாகப் பேச்சு.

பகல் 12.30

தெருவில் கமலா லைன் போட்டு எல்லாம் வழங்க ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்கு ஒரு பை, பெண்களுக்கு ஒரு ஷூ பெட்டி. இருபது பெட்டி போயிருக்கும். தெருக்கோடியில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னொரு வீட்டில். ஒரு பெண் பெட்டியைத் திறந்தபடி திரும்பி வந்தாள். உள்ளே ஒரே ஒரு ஷூ. வலது கால். கமலா பதறிப்போய் அடுத்த பெட்டியைப் பிரித்தாள். ஒன்று, வலது கால். அடுத்தது, வலது கால். அறுபதும் அப்படித்தான்.

பாய்க்கு என்ன தவறு என்றே முதலில் புரியவில்லை, அதுதான் வேடிக்கை. கமலா ஒரு ஷூவை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இன்னொன்று எங்கே என்று கேட்ட பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. வெளிநாட்டுக்காரருக்குக் காட்ட ஒன்று போதும். தோலும் மிச்சம், அனுப்பும் செலவும் மிச்சம். அதனால் சாம்பிள் ரூமில் வலது காலுக்கு மட்டும்தான் செய்வார்களாம். "இருவத்திரண்டு வருசமா ஒத்தைக் காலுக்குத்தான் செஞ்சிக்கினு இருக்கேன் சிஸ்டர்" என்றார். "பெட்டியில ஒண்ணு இருந்தா எனக்கு அது முழுசு." பெட்டியின் பக்கத்தில் ஆங்கிலத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. நான் உட்பட யாரும் படிக்கவில்லை.

தெரு அதைப் பெரிய வருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளம் வந்த பிறகு அவர்கள் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகக்கூட இருக்கலாம். ஒரு பீடிக்காரம்மாள் ஒற்றை ஷூவை மாட்டிக்கொண்டு நொண்டிக் காட்டினாள். சாமி சிரிப்பை அடக்க லாரிக்குப் பின்னால் போய்விட்டார். நானும் சிரித்தேன்.

பகல் 2

தனத்தைக் கூட்டி வரப் போனேன். கதவுக்கு உள்ளே, ஈரத் தரையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பெட்டி, திறந்திருந்தது. கிளம்பலாமா என்றேன்.

"போறதுக்கு முன்னாடியே சொல்லி அனுப்பிட்டாங்க பாருங்க சிஸ்டர்" என்றாள். "வலது காலுக்கு மட்டும் போதும்னு."

தவறுதலாக வந்தது, தெருவுக்கே அப்படித்தான் என்று சொன்னேன். அறுபது பெட்டிக் கதையையும் சொன்னேன். அவளுக்கு அது கேட்கவே இல்லை. ஜெசிந்தா பேசினாள், கமலா கெஞ்சினாள். தனம் அழவில்லை, சண்டை போடவில்லை. வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். ஊசி போட்டு, புதுக் கட்டுப் போட்டு, சேற்றில் இறங்காதே என்று நூறு தடவை சொல்லிவிட்டு அவளில்லாமல் திரும்பினோம்.

திரும்பும் வழியில், ஒரு தரைப்பாலத்தில் தண்ணீர் வடியக் காத்திருந்தபோது, நயீம் பாயை நான் திட்டினேன். வயதுக்கும் மரியாதைக்கும் பொருந்தாத திட்டு. பெட்டியைத் திறந்து பார்க்கக்கூடவா தெரியாது, நீங்கள் கொடுத்த தர்மத்தால் ஒரு பொம்பளை கால் போகப்போகிறது என்றேன். எனக்கு என் மேல்தான் கோபம், அதை அவர் மேல் கொட்டினேன் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. நான் மனசறியப் பொய் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்திருந்தேன். பொய்யில் நின்ற சம்மதம், ஒரு ஒற்றைச் செருப்புக்கே விழுந்துவிட்டது.

ஆம்பூர் வந்ததும் பாய் கம்பெனி வாசலிலேயே இறங்கிக்கொண்டார். இறங்கியவர் என் ஜன்னல் பக்கம் வந்தார். "அந்தம்மா காலு முப்பத்தெட்டு சிஸ்டர். எடது காலு கட்டோட நாப்பத்தொண்ணு இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். மன்னிப்பு கேட்க வாய் திறப்பதற்குள் சாமி வண்டியை எடுத்துவிட்டார்.

புதன், காலை 7

கூடத்துக்குப் பாய் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தோடு வந்தார். ராத்திரியே செய்து முடித்துவிட்டாராம். பிரித்தால், கறுப்பு மெத்தை ரப்பர் அடி போட்ட செருப்பு. வலது ஒரு அளவு, இடது மூன்று அளவு பெரியது. இடதில் கட்டு நுழையும்படி மேல்பக்கம் முழுக்கத் திறந்து மூடும் பட்டை. சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளே தையல் உறுத்தக்கூடாது என்று தையலை எல்லாம் வெளியே வைத்திருந்தார். கமலா இரண்டையும் கவிழ்த்து, மடக்கி, ஒவ்வொரு தையலையும் நகத்தால் இழுத்துப் பார்த்தாள். நேற்றுப் பெட்டிகளைத் திறந்து பார்க்காத குற்றம் அவளையும் தின்றுகொண்டிருந்தது. "பாஸ்" என்றாள். பாய் என்னைப் பார்த்து, "இருவத்திரண்டு வருசத்துல நான் செஞ்ச மொத ஜோடி சிஸ்டர்" என்றார். நேற்றுப் பேசியதற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அதெல்லாம் விடுங்க என்று கையை ஆட்டினார்.

காலை 9

தனத்தின் வீட்டுக்கு முன்னால் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். பேரணாம்பட்டுப் பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்தவர்களும் ஜெசிந்தாவின் கோயில் ஆட்களும், இரவல் வாங்கிய பக்கெட்டுகளோடு, வரிசை நின்று தறிக்குழிச் சேற்றைக் கைமாற்றி வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். கமலா போட்ட லைன்தான், சந்தேகமில்லை. தனம் நான் சொன்னபடி சேற்றில் இறங்காமல் கட்டிலில் காலைத் தூக்கி வைத்திருந்தாள். அது ஒன்றே எனக்குப் பெரிய ஆறுதல்.

பாய் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவள் சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"காலத் தொடாதீங்க பாய். வயசுல பெரியவரு."

"தொழில்மா இது. இன்னா பெரியவரு, சின்னவரு." பொட்டலத்தைப் பிரித்து இரண்டையும் அவள் முன்னால் வைத்தார். "நேத்து தப்பு என்னுது. எங்க ரூம்ல ஒண்ணுதான் செய்வோம், அந்த நெனப்புலயே எடுத்தாந்துட்டேன். உனக்குன்னு அனுப்பல."

அவள் செருப்புகளைப் பார்த்தாள். தொடவில்லை. "அங்க போனா ஒண்ணு வீணாப் பூடும் பாய்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான். பாய் முந்திக்கொண்டார்.

"பூடலாம்மா. எனக்குத் தெரியாது. டாக்டருக்குத்தான் தெரியும். வெரல எடுப்பாங்களோ, பாதிய எடுப்பாங்களோ. நீ போய்ட்டு வா. எவ்ளோ மிச்சம் இருக்குதோ அதுக்கு நான் செருப்பு செஞ்சி குடுக்கறேன். மிச்சம் கம்மியா இருந்தா கம்மிக்கு செய்வேன். அது என் பொறுப்பு. ஆனா நீ இங்கயே குந்திக்கினு இருந்தன்னா, செய்யறதுக்கு எனக்கு ஒண்ணும் இருக்காது."

இப்படி ஒரு வார்த்தையை நோயாளியிடம் சொல்லவே கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தனம் என்னிடம் திரும்பி, "நீங்க ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்" என்றாள். பொய்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். தலையை ஆட்டினாள். வலது செருப்பைத் தானே மாட்டினாள். இடதை மாட்ட, கையுறை போட்டு நான் குதிகாலைத் தாங்கிக்கொண்டேன், பாய் பட்டையை மூடினார். கட்டோடு சரியாகப் பொருந்தியது. உள்ளே ஆட்கள் இன்னும் சேறு அள்ளிக்கொண்டிருந்ததால் வீட்டைப் பூட்டாமல் வண்டியில் ஏறினாள்.

பகல் 12.30

குடியாத்தம் வழியாக வேலூர். வழியில் ஆற்றுப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் மண் மூட்டை அடுக்கியிருந்தார்கள். தனம் முன்னால் என்னை ஒட்டி உட்கார்ந்து வழி முழுக்கத் தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள மூன்று மணி நேரம் ஆனது. கூட யார் இருப்பது என்று கேட்டபோது கமலா ஏற்கெனவே ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தாள். ஏ ஷிப்ட் ஜெசிந்தா, பி ஷிப்ட் பாயின் மனைவி, இரவு கமலா. மகள் ஓசூரிலிருந்து வரும் வரை. ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்த என்னைப் பதிலாளாகப் போட்டிருந்தாள். நான் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

வியாழன் காலை மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். கறுத்த இரண்டு விரல்களை எடுத்தே ஆகவேண்டும், பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கிறோம், உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அன்று மாலையே அறுவை. அறைக்கு வெளியே பெஞ்சில் நாங்கள் நால்வர். ஜெசிந்தா ஜெபமாலை உருட்டினாள். பாயின் மனைவி உதடு அசைய ஓதினார். கமலா தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல், வேண்டாத கட்டுத்துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் வெளியே வந்து, இரண்டு விரலோடு நின்றது என்றார்.

சனி, காலை 10

மாலையில் காட்பாடியில் எனக்கு ரயில். வார்டுக்கு விடைபெறப் போகும் வழியில் எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் புயல் அடித்தால் கோயில் லாரி ஒன்று வரும், மாதாகோயில் லாரி ஒன்று வரும், பள்ளிவாசல் லாரி ஒன்று வரும். எல்லாரும் நல்லவர்கள்தான், அள்ளிக் கொடுப்பார்கள். நாங்களும் மூன்றிலும் வாங்கிக்கொள்வோம். ஆனால் கொடுக்கிறவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதில்லை, ஒருவர் தவறுக்கு இன்னொருவர் வெட்கப்பட்டதும் இல்லை. இங்கே லாரி ஒன்றுதான், சாமியுடையது. அதில் ஏறினால் முடிச்சு சரியில்லை என்று ரிஜெக்ட் ஆகத்தான் வேண்டும். எனக்கு இவர்களை விட்டுப் போகக் கஷ்டமாக இருந்தது.

வார்டு வாசலில் நயீம் பாய் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு அட்டை, காதில் பென்சில். வணக்கம் நலம் ஒன்றும் இல்லை. "எவ்ளோ மிச்சம் சிஸ்டர்?" என்று கேட்டார்.

மூன்று விரல், பாதம் முழுசாக என்றேன். மூன்று விரல், பாதம் முழுசாக என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அட்டையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். இப்போது வீக்கம் இருக்கிறது, கட்டு இருக்கிறது, இந்த அளவு எதற்கும் உதவாது, ஒன்றரை மாதமாவது போகட்டும் என்றேன்.

"தெரியும் சிஸ்டர்" என்றார். "செருப்புக்கு அளவு அப்பால எடுத்துக்கலாம். இது அவங்க பாக்கறதுக்கு."

இரண்டு நாளாகத் தனம் கட்டு மாற்றும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். காலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கட்டுப் பிரித்திருக்கும் நேரம்தான் அது. வார்டு சிஸ்டரிடம் அனுமதி கேட்டுவிட்டு நான் குதிகாலைத் தாங்கினேன். பாய் தோலில் படாமல் அட்டையைப் பாதத்துக்குப் பின்னால் பிடித்து, பென்சிலால் வரைய ஆரம்பித்தார். குதிகால், உள்வளைவு, பெருவிரல், அடுத்தது, அதற்கு அடுத்தது. மூன்று மேடு போட்ட பென்சில், நான்காவது வர வேண்டிய இடத்தில் நின்றது. அப்புறம் அங்கிருந்து சரிவாக ஒரே கோடாக இறங்கிக் குதிகாலில் போய்ச் சேர்ந்தது. பாய் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை அவளிடம் நீட்டினார்.

தனம் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். முழங்கையை ஊன்றி எழுந்து, அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒருமுறை போய் வந்தாள். முப்பத்து நான்கு வருஷம் எத்தனையோ பேருக்கு எவ்வளவு போயிற்று என்று எழுதி வைத்திருக்கிறேன். எவ்வளவு இருக்கிறது என்று ஒருவருக்கும் வரைந்து காட்டியதில்லை. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன், முடியவில்லை.

"இவ்ளோ இருக்குதா?" என்றாள் தனம்.

"இவ்ளோ இருக்குதும்மா."

அவள் அட்டையைப் படுக்கையின் விளிம்பில் சாய்த்து வைத்து, உள்ளங்கையால் அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். தறியில் மிதி போடுகிற மாதிரி.

"மிதிக்கறதுக்கு இதுவே ஜாஸ்தி, பாய்" என்றாள்.